சண்முகத்தாய் அக்கா போடாத கையெழுத்து

அன்புள்ள ஜான்சன் அண்ணனுக்கும் பேச்சிக்கும்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் மகள் யாழினிக்குச் சாயங்காலத்திலிருந்து மூச்சிழுப்பு. இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். அவளுடைய மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை சண்முகத்தாய் அக்காவின் பதினாறாம் நாள். அன்றைக்கு அச்சிட்டுக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் கம்பெனியை நடத்துகிற அண்ணாச்சி சொல்லி நான்கு நாளாகிறது. எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அக்காவோடு வேலை செய்தவர்களிடம் மட்டும் கேட்க வேண்டியது ஒன்றும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் முதலில் வெளியூர் வேலையில் இருக்கும் உங்கள் இருவருக்கும் அனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அக்காவை அறியாத ஒருவர் நாளை இதைப் படித்தாலும் புரிய வேண்டும்.

செய்தி வந்தபோது நான் எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற ரோட்டில் இருக்கிற தீப்பெட்டி ஆலையில், முதலாளியின் அறையில் இருந்தேன். அந்த ஆலைக்கு நம் கம்பெனி செய்துகொண்டிருக்கிற சாஃப்ட்வேர் எந்த நாளில் ஓடத் தொடங்க வேண்டும் என்று பேச்சு. என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. "அந்தம்மா இன்னைக்கு வரலியா? நல்லதாப் போச்சு, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்று முதலாளி சிரித்தார். "கழுகுமலை பஸ் லேட்டா இருக்கும், முதலாளி" என்றேன் நான். போன் மேசைமேல் அதிர்ந்தது. வீட்டிலிருந்து, குழந்தை விஷயமாக இருக்கும் என்று பயம். இந்த இடத்தில் எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று இன்னொரு பயம். குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மூன்று முறை அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் அக்காவின் வீட்டுக்காரர் எண். காலையில் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாராம். கோவில்பட்டிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நாற்பத்தோரு வயது. நான் அங்கே பஸ் லேட் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்காவை நாம் முதலில் பார்த்தது கழுகுமலை தீப்பெட்டி ஆலையில். அங்கே ஸ்டோர் அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் நம் வேலை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதல்லவா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவோம், ஏற்றுவோம், இரண்டு நாள் சொல்லிக் கொடுப்போம், பஸ் ஏறிவிடுவோம். பிறகு மூன்று மாதம் போனிலேயே குடித்தனம். ஒரு பஞ்சாலை நம் சாஃப்ட்வேரை மூடி வைத்துவிட்டுப் பழைய நோட்டுக்கே திரும்பிய பிறகுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு ஒரு தடித்த கோப்போடு வந்தார். இனி எந்த வேலையும் ஆறு படியாகத்தான் நடக்கும் என்றார். கேட்டு எழுதுவது. வரைந்து காட்டுவது. செய்வது. நடத்திப் பார்ப்பது. பழைய நோட்டையும் புதிய திரையையும் சேர்த்து ஓட்டுவது. கடைசியில் முழுதாக மாறுவது. ஒவ்வொரு படியின் முடிவிலும் அந்த வேலையைக் கையால் செய்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த படி திறக்காது.

"கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இத்தன பேரு கையெழுத்து வாங்கல" என்றீர்கள், ஜான்சன் அண்ணன். நாம் எல்லோரும் சிரித்தோம். காகிதத்தை நீட்டுவோம், அவர்கள் போடுவார்கள், வாங்கிக் கோப்பில் சொருகுவோம். அதுதான் முறை என்று நினைத்திருந்தோம்.

கழுகுமலையில் இரண்டாம் படி முடிகிற நாள். யாழினிக்கு அப்போது ஏழு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து எனக்கு அதுதான் முதல் வேலை. ஒழுங்காக முடிக்காவிட்டால் வேலை நிலைக்குமோ என்ற பயம் வேறு. ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்தது. மேனேஜர் போட்டுவிட்டார், கணக்கர் போட்டுவிட்டார். அக்கா பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் திரும்பப் போட்டார்.

"இதுல என் கையெழுத்து எதுக்கு?"

"படிச்சுப் பாத்து சரின்னு சொல்லுததுக்கு, அக்கா."

"நான் படிக்கவும் இல்ல, சரின்னு சொல்லவும் இல்ல. பெறகு என் பேர எதுக்குப் போடணும்?"

"போடும்மா. இவியளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் மேனேஜர்.

"அப்ப இவிய போயிட்டு நாளைக்கி வரட்டும். நான் எங்க ஓடியா போறேன்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபத்தில்தான். அக்கா உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். பஸ் போய்விட்டது. ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்கன இரசாயனக் கிடங்குன்னு ஒண்ணு போட்டிருக்கே. இது எங்க இருக்கு?"

"உங்க கம்பெனிலதான்."

"எங்க கம்பெனில இப்படி ஒரு கிடங்கு கெடையாது, தங்கச்சி. இருந்தா நான் இருக்க மாட்டேன்."

எழுந்து நம்மை அழைத்துப் போனார். நினைவிருக்கிறதா, பேச்சி? ஆலையின் ஒரு கோடியில், தீக்குச்சி மருந்துக்கான குளோரேட் இருக்கும் அறை. அதைப் பூட்டினார். குழாயடியில் ஒட்டிய தூள் போகக் கை கால் கழுவினார். பக்கத்துச் சிற்றறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு முற்றத்தைத் தாண்டி அடுத்த கோடிக்கு நடந்தார். அங்கே கந்தக அறை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போவாராம். அந்த இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை சாது. ஒன்றோடொன்று கலந்து உரசினால் போதும், வெடித்துவிடும்.

நாம் வரைந்த படத்தில் அவை இரண்டும் ஒரே கிடங்கில், அடுத்தடுத்த வரிசையில் இருந்தன. கல்லூரியில் படித்த மூன்று பேர் உட்கார்ந்து, இரண்டுமே ரசாயனம்தானே என்று ஒரே தலைப்புக்குக் கீழே போட்டிருந்தோம்.

"இது சும்மா சாஃப்ட்வேர்ல ஒரு பேருதான், அக்கா" என்றேன் பலவீனமாக.

"லாரி வந்ததும் உங்க மிஷின் ஒரு சீட்டு அடிக்கும்னு சொன்னியே. அதுல எந்த எடம்னு இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்."

"வெளியூர் லோடுமேன் சீட்டுல இருக்கிற எடத்துலதான் மூட்டைய எறக்குவான். அவன் உன்ன மாதிரி படிச்சவன். சீட்ட நம்புவான்."

நான் அப்போதும் அடங்கவில்லை. "ரெண்டு வாரம் தள்ளிப்போகும்க்கா. உங்களாலதான் எங்க வேலை நிக்குது" என்றேன். அக்கா அந்த இரண்டு அறைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிக்கட்டும். நின்னத மறுபடி ஓட்டிக்கிடலாம்."

நான்காம் படியில் மறுபடி முட்டிக்கொண்டோம். நடத்திப் பார்ப்பதற்காக நாம் ஒரு மாதிரி நாளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தோம். காலையில் சரக்கு வருகிறது, கேட்டது கேட்டபடி போகிறது, சாயங்காலம் இருப்பு சரியாக இருக்கிறது. அக்கா முழுவதும் பார்த்தார். "நல்லா இருக்கு. இப்படி ஒரு நாள நான் இந்தக் கம்பெனில பாத்ததே இல்ல" என்றார்.

பிறகு ஒரு துணிப்பையைத் திறந்து கசங்கிய சீட்டுகளை மேசைமேல் கொட்டினார். போன ஐப்பசியில் விடாமல் மழை பெய்த ஒரு நாளின் சீட்டுகள். குச்சி காயவில்லை. மருந்துக்கு வாங்கிப் போன குளோரேட்டில் பாதி திரும்பி வந்தது. கரண்டு போய்விட்டு வந்ததும் மறுபடி வாங்கினார்கள். ஒரு சீட்டில் எழுத்தே கரைந்து போயிருந்தது. "இத ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா கையெழுத்துப் போடுதேன்."

பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்றாவது சீட்டிலேயே நின்றுவிட்டது. கொடுத்த பொருள் திரும்பி வரும் என்று நாம் நினைத்தே பார்க்கவில்லை. அதற்கு ஒரு திரையே இல்லை. அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கு, ஜான்சன் அண்ணன்! "எக்கா, நீங்க ஸ்டோர் பாக்கீங்களா, எங்கள வெளயாட்டுக் காட்டுதீங்களா?" என்று கேட்டீர்கள். "நீங்கதான மழயில்லாத ஊருக்கு மிஷின் செஞ்சு கொண்டு வந்தீக" என்றார். அந்த ஒரு திரையைச் செய்ய நீங்களும் பேச்சியும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டீர்கள். அதன்பிறகு நம் கோப்பில், கடைசிப் படிக்கு முன் சரிபார்க்கிற தாளில், பன்னிரண்டாவது வரியாக 'மழை நாள்' என்று அண்ணாச்சி தன் கையால் எழுதிச் சேர்த்தார். சென்னைக் கோப்பில் அந்த வரி கிடையாது.

அடுத்த வருடம் அண்ணாச்சி அவரை நம் ஆபீஸுக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு மாடியில் என் மேசைக்கு எதிர்மேசை. எந்த ஆலைக்கு வரைபடம் போட்டாலும் அக்காவின் முதல் கேள்வி, "சாவி யாரு கையில?" என்பதுதான். எங்களுக்குள் சண்டை நின்றது என்று சொல்ல மாட்டேன். நாள் தள்ளுகிறார், ஆட்களைப் பயமுறுத்துகிறார் என்று அண்ணாச்சியிடம் இரண்டு முறை புகார் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் அக்காவிடமே போய் அதைச் சொன்னேன். "சொன்னியா? நல்லது. மூஞ்சிக்கு நேரயும் சொல்லிட்ட. வா, டீ குடிப்போம்" என்றார்.

யாழினி விஷயம் உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்றரை வயதில் இழுப்பு தொடங்கியது. நான் மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போன் செய்வேன். மாமியார் சலித்துக்கொள்வார். ஒருநாள் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"ஏட்டி, பயந்துகிட்டே இருக்காத. பயத்த எழுதி வையி. என்னைக்கு இழுத்துச்சு, எத்தன மணிக்கு, அன்னைக்கு நீ எங்க போன. எல்லாத்தையும் எழுது."

நாம் ஆலைகளில் செய்கிற முதல் படிதான். வீட்டுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மூன்று வாரம் எழுதினேன். அக்கா தாளைப் பார்த்தார். விரல் வரிக்கு அடியில் நகர்ந்து நின்றது. "நீ ஆலைக்குப் போயிட்டு வார நாளுலதான இழுக்குது? வீட்டுக்குப் போனதும் சேல மாத்துதியா, அப்படியே பிள்ளயத் தூக்குதியா?"

அப்படியேதான் தூக்குவேன். நாள் முழுக்க என்னைப் பிரிந்து இருந்த பிள்ளை. வாசலிலேயே தாவும்.

டாக்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தூசி ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அன்றிலிருந்து ஆலைக்குப் போன நாட்களில் குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் அவளைத் தொடுவேன். இழுப்பு நன்றாகக் குறைந்தது.

இன்று நான் மாற்றவில்லை. இன்று ஆலையிலிருந்து வந்த வேகத்தில் எல்லாம் மறந்து, வாசலிலேயே அவளைத் தூக்கிவிட்டேன். ஏன் அப்படி வந்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் ஒரு கோப்பை என்னிடம் கொடுத்தார். "ஆபீஸ் பைலு, தாயி. ஓட்டுக்குக் கீழ நனஞ்சிரும்னு பானை மேல வச்சிருந்தா" என்றார். எப்போதும்வென்றான் ரோட்டு ஆலையின் கோப்பு. கடைசிப் படிக்கு முன்னால் நிரப்புகிற தாளில் பதினொரு வரிக்கு எதிரே அக்காவின் கையெழுத்து. பன்னிரண்டாவது வரி, மழை நாள், காலி. ஓரத்தில் பென்சிலால் "வடக்கு அறை. மழைக்கு என்ன செய்கிறார்கள்?" என்று மட்டும் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை அந்த ஆலை முழுதாக நம் சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. முதலாளி நாள் பார்த்துக் குறித்துவிட்டார். அன்றோடு பழைய நோட்டை மூடிவிடுவார்கள். "பதினொண்ணு அவ பாத்ததுதான? பன்னெண்டாவத நீ போட்டுரு, செல்வி. அவ பேரால முடிச்ச மாதிரியும் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. நேற்று சாயங்காலம் மனம் கலங்கித்தான் சொன்னார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்தப் பென்சில் எழுத்து மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

இன்று காலை ஆலைக்குப் போய் ஸ்டோர்காரரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், ஒளிக்கத் தெரியாதவர். குளோரேட் இருப்பது வடக்கு அறையில், கந்தகம் தெற்கே. நம் படத்திலும் அப்படியேதான் இருக்கிறது.

"மழை பெஞ்சா என்ன செய்வீங்க, அண்ணே?"

"வடக்கு ரூம்பு ஒழுகும்மா. நாலு மூட்ட நனஞ்சா பெறகு யாரு பதில் சொல்லுதது? தெக்க தூக்கி வச்சிருவோம். ஒரு ரெண்டு நாளைக்கித்தான்."

"தெக்க எங்க?"

"உள்ளதான். வேற எங்கன எடம் இருக்கு?"

கந்தகத்துக்குப் பக்கத்தில். எத்தனை வருடமாக என்று கேட்கவில்லை. அவர் தன் பழைய நோட்டைக் காட்டினார். ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'தெற்கே மாற்றியது' என்று எழுதுகிறார். காலையில் போர்மேன் அதைப் பார்ப்பார், சத்தம் போடுவார், மூட்டைகள் வடக்கே திரும்பும். ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு ராத்திரி. இதுவரை அவர்களைக் காப்பாற்றி வந்தது அந்தக் கட்டமும் போர்மேனின் சத்தமும்தான்.

நம் திரையில் அந்தக் கட்டம் இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு மழை பெய்தால், மூட்டைகள் தெற்கே இருக்கும். திரை வடக்கே இருப்பதாகச் சொல்லும். போர்மேன் திரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்திருப்போம், கையெழுத்தோடு.

முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னேன். கூரையை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். "இவ்வளவு நாளு ஒண்ணும் ஆகலியேம்மா. அந்தம்மா போனாலும் உங்க ஆபீஸ்ல பயங்காட்ட ஆளு இருக்கு போல" என்றார். அண்ணாச்சியிடம் போனில் சொன்னேன். "நாளத் தள்ளினா அவரு வேற கம்பெனிக்குப் போயிருவாரு, செல்வி. உனக்குப் பதட்டம் ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும். நீ ஒருத்தி சொல்லி நான் எப்படி நிறுத்த?" என்றார்.

உண்மைதான். எனக்குப் பதட்டம் அதிகம். பஸ்ஸில் வரும்போது மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கரிசல் முழுக்க மழைக்காகக் காத்துக் கிடக்கிறது, எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நான் ஒருத்திதான் இந்த வாரம் வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டே வந்தேன். அப்படியே வீட்டுக்குள் நுழைந்து பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

கோப்பை மறுபடி புரட்டியபோது ஒரு விதி கிடைத்தது. ஒரு படிக்கோ அதன் ஒரு வரிக்கோ பொறுப்பானவர் இல்லாமல் போனால், அதை முன்பே செய்தவர்கள் இருவர் சேர்ந்து நடத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம், அல்லது நிறுத்தலாம். இருவர் நிறுத்தினால் நாள் தள்ளித்தான் ஆக வேண்டும். அண்ணாச்சியே சம்மதித்துக் கையெழுத்திட்ட விதி. மழை நாளைச் செய்து முடித்தவர்கள் நம் கம்பெனியில் மூன்று பேர்தான். அக்கா போய்விட்டார். மிச்சம் நீங்கள் இருவர். அன்றைக்கு நான் வேடிக்கை பார்த்தவள்.

போன ஐப்பசியின் சீட்டுகளை ஸ்டோர்காரரிடமிருந்து வாங்கிவிட்டேன். இருபத்தாறு சீட்டு. சனிக்கிழமை காலை பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படியும் கழுகுமலை வருவீர்கள். அது முடிந்து ஒரு வேன் பிடித்தால் மதியம் ஆலையில் இருக்கலாம். சாயங்காலத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம். நான் நினைப்பது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் போடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். சரி என்றால் என்னோடு நில்லுங்கள்.

அக்காவை நான் எதற்காக நினைத்துக்கொள்வேன் என்று அண்ணாச்சி கேட்ட பக்கத்தில் எழுத வேண்டும். வரிக்கு அடியில் வைத்த விரல் என்று எழுதலாம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சேலை மாற்றிக்கொண்டு நடந்த நடை என்று எழுதலாம். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது காலியாக விட்ட ஒரு வரி. நேற்று சாயங்காலம் அண்ணாச்சியின் மேசைமுன் நின்று, அந்த வரிக்கு எதிரே திறந்த பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டேன். கை நடுங்கியது. அக்காவுக்கும் அன்றைக்கு நடுங்கியிருக்குமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

யாழினியின் மூச்சு இப்போது சீராக இருக்கிறது. நேரத்தையும் எழுதி வைத்துவிட்டேன்.

வருகிறீர்களா, இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இருவரும் எனக்குப் பதில் எழுதுங்கள்.

செல்வி